ஒரு பங்குக்கு 200 ஓட்டு: சிங்கப்பூர் பத்திரிகைகளின் கதை

2023 செப்டம்பரில் தர்மன் சண்முகரத்னம் 70 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி சிங்கப்பூர் அதிபரானபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்து வேர், பொருளியல் மேதை, தமிழன் என்று வந்து குவிந்த பகிர்வுகள் ஒன்றில்கூட நான் பார்க்காத தகவல் ஒன்று உண்டு. அவர் ஒரு பத்திரிகைச் செய்தி விவகாரத்தில் அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர். அபராதம் 1,500 வெள்ளி. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

நடந்தது இதுதான். 1992-ல் பிசினஸ் டைம்ஸ் பத்திரிகை, அந்த ஆண்டின் இரண்டாம் காலாண்டுப் பொருளாதார வளர்ச்சி பற்றிய உத்தேசக் கணக்கை அரசு வெளியிடும் முன்பே போட்டுவிட்டது. 4.6 சதவீதம். அவ்வளவுதான் செய்தி. ராணுவ ரகசியம் இல்லை, ஒற்றன் பெயர் இல்லை, இன்னும் கொஞ்ச நாளில் அரசே சொல்லப்போகிற ஓர் எண். அதற்காக ஐந்து பேர் மீது வழக்கு: சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் பொருளியல் பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருந்த தர்மன், தனியார் பங்குத் தரகு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர், பிசினஸ் டைம்ஸ் ஆசிரியர் பேட்ரிக் டேனியல், அந்தப் பத்திரிகையின் நிருபர் ஒருவர். 1994-ல் ஐந்து பேருக்கும் அபராதம் விழுந்தது. தர்மன் தகவலை எடுத்துக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ரகசியத்தைக் காப்பதில் கவனக்குறைவாக இருந்தார் என்ற சிறிய குற்றத்துக்குத்தான் தண்டனை.

அப்புறம்? தர்மன் நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநரானார், அமைச்சரானார், துணைப் பிரதமரானார், இப்போது அதிபர். பேட்ரிக் டேனியல் அதே பத்திரிகைக் குழுமத்தில் உச்சிப் பதவிகள் வரை போனார். யாருடைய பிழைப்பும் கெடவில்லை. எனக்கு இந்த வழக்கில் சுவாரசியமான இடமே இதுதான். எதிரியை ஒழிக்கிற நடவடிக்கை இல்லை இது. ஓர் எண்ணை முன்கூட்டிப் போட்டதற்கே இவ்வளவு என்றால் நாளைக்கு இதைவிடப் பெரிய ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று அந்த ஊர் நியூஸ் ரூமில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள், அந்தக் கணக்குதான் விஷயம்.

பத்திரிகைச் சுதந்திரம் இல்லாத நாடு என்றதும் நமக்கு சிறைக்குள் இருக்கும் நிருபர், எரிக்கப்பட்ட அலுவலகம், இரவில் வரும் வெள்ளை வேன் எல்லாம் கண்முன் வரும். சிங்கப்பூரில் அதெல்லாம் கிடையாது, நிருபர் சிறைக்குப் போவதே அரிது. 60 லட்சம் பேர் வாழும், சென்னையையும் புறநகரையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடக்கூடிய அந்த நாட்டில் சட்டம் செய்தி வெளிவந்த பிறகு வந்து நிற்பதில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே நிற்கிறது. பத்திரிகை யாருக்குச் சொந்தம், ஆசிரியரை யார் வைப்பது, பர்மிட் எப்போது முடிகிறது, வழக்கில் தோற்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்கிற இடங்களில்.

1974-ல் வந்த செய்தித்தாள், அச்சகச் சட்டம்தான் அடித்தளம். தணிக்கைச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு அதைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள், பாதிக்கு மேல் கம்பெனி சட்டம் மாதிரிதான் இருக்கும். நாளிதழ் நடத்தும் கம்பெனி பொதுப் பங்கு நிறுவனமாக இருக்க வேண்டும், இயக்குநர்கள் எல்லோரும் சிங்கப்பூர் குடிமக்களாக இருக்க வேண்டும், பங்குகள் சாதாரணப் பங்கு, நிர்வாகப் பங்கு என்று இரண்டு வகையாக இருக்க வேண்டும். நிர்வாகப் பங்கை யார் வைத்திருக்கலாம் என்பதற்கு அமைச்சரின் ஒப்புதல் தேவை. சரி, அந்தப் பங்கில் அப்படி என்ன விசேஷம்? இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்கும், நீக்கும் தீர்மானங்களில் ஒரு நிர்வாகப் பங்குக்கு 200 ஓட்டு. மற்றதற்கெல்லாம் ஒரே ஓட்டு. லாபத்தில் பங்கு யாருக்கு எவ்வளவு போனாலும் அரசுக்குக் கவலையில்லை, ஆசிரியர் நாற்காலியில் யார் உட்காருவது என்ற கேள்வி வரும்போது மட்டும் அந்த 200 எழுந்து நிற்கும். இது போக பர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரே ஆள் பங்குகளை அள்ளிக் குவிக்க முடியாதபடி பின்னால் வரம்பும் போட்டார்கள்.

ஒருவிதத்தில் இதை வரைந்த மூளையை மெச்சத்தான் தோன்றுகிறது. எந்த இடத்திலும் 'இதை எழுதாதே' என்று ஒரு வரி தேவைப்படவில்லை.

இது ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற டச்சுப் பெண் பிள்ளை விவகாரத்தில் சிங்கப்பூரில் கலவரம் வெடித்து 18 பேர் செத்தார்கள். மலாய் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அந்தப் பெண்ணைப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது, அவளைக் கன்னிமாடத்தில் தங்க வைத்திருந்தார்கள், அங்கே மேரி மாதா சிலை முன்னால் அவள் நிற்கிற படங்களைப் பத்திரிகைகள் போட்டன. தீ பற்றிக்கொண்டது. அப்புறம் 1964-ல் மலாய், சீனர் கலவரம். அதிலும் பத்திரிகை எழுத்துக்குப் பங்கு உண்டு என்பது அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொல்வது, அது வெறும் சாக்கும் இல்லை. இன மோதலை நேரில் பார்த்த ஒரு தலைமுறை பயந்ததில் எனக்கு ஆச்சரியமே கிடையாது.

ஆனால் 1971-ல் நடந்ததைப் பாருங்கள். சீன நாளிதழ் நான்யாங் சியாங் பாவின் நிர்வாகிகளை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையில்லாமல் பிடித்து வைத்தார்கள். ஈஸ்டர்ன் சன் வெளிநாட்டுக் கம்யூனிஸ்ட் பணத்தில் நடக்கிறது என்று அரசு சொன்னது, அது மூடப்பட்டது. சிங்கப்பூர் ஹெரால்ட் பத்திரிகையின் உரிமம் போனது. எல்லாம் சில வாரங்களுக்குள். அதே ஆண்டு ஜூனில் பிரதமர் லீ குவான் யூ ஹெல்சிங்கியில், உலகப் பத்திரிகை ஆசிரியர்கள் கூடியிருந்த சபையிலேயே போய், பத்திரிகைச் சுதந்திரம் என்பது சிங்கப்பூரின் ஒற்றுமைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் நோக்கங்களுக்கும் கீழ்ப்பட்டதாகத்தான் இருக்க முடியும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மனுஷன் எதையும் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. மூன்று ஆண்டு கழித்து, இந்த மாதிரி அடிதடி வேலையே இனிமேல் தேவைப்படாத அளவுக்கு அந்தச் சட்டம் வந்தது. குடும்பச் சொத்தாகச் சீன நாளிதழ்களை நடத்தியவர்கள் கையிலிருந்து பிடி நழுவியது அப்போதுதான்.

1982-ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக வந்தவர் எஸ். ஆர். நாதன். தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். அவரும் பின்னால் 1999-ல் அதிபரானார். அதாவது சிங்கப்பூர் கண்ட இரண்டு தமிழ் அதிபர்களில் ஒருவர் பத்திரிகைக்கு மேலாளாக அனுப்பப்பட்டவர், இன்னொருவர் பத்திரிகைச் செய்திக்காகக் கூண்டில் நின்றவர். இதற்கு மேல் நான் என்ன விளக்குவது.

1984-ல் பத்திரிகைகளை இணைத்து எஸ்பிஹெச் (சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ்) என்ற ஒரே குழுமமாக்கினார்கள். 2017-ல் அதற்குத் தலைமை நிர்வாகியாக வந்தவர் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி. 2021-ல் பத்திரிகைப் பிரிவை மட்டும் பிரித்து லாப நோக்கில்லாத அறக்கட்டளை அமைப்பாக்கினார்கள், தலைவர் முன்னாள் அமைச்சர் காவ் பூன் வான். அடுத்த ஆண்டே வருஷத்துக்கு 180 மில்லியன் வெள்ளி வரை, ஐந்து ஆண்டுக்கு, அரசுப் பணம் தருவதாக அறிவிப்பு. தொலைக்காட்சிப் பக்கம் மீடியாகார்ப் இருக்கிறது, அது அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்குச் சொந்தம். 2023-ல் இன்னொரு கூத்து வெளியானது: 2020 செப்டம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் நடுவில் குழுமத்தின் தினசரி விற்பனைக் கணக்கை 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். நாட்டின் பொய்ச் செய்திகளை வேட்டையாடச் சட்டம் போட்ட ஊரில், நம்பகமானது என்று அரசு காசு கொடுத்த நிறுவனத்தில்.

தமிழ் முரசு பற்றி ஒரு வார்த்தை. 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை. சீர்திருத்தம், சுயமரியாதை, சாதி எதிர்ப்பு, தமிழர்களுக்குக் குடியுரிமை வாங்கச் சொல்லி இயக்கம் என்று அந்தக் காலத்தில் அது போட்ட சத்தம் கொஞ்சமில்லை. 1995-லிருந்து அது எஸ்பிஹெச் கையில். நான் இணையத்தில் அடிக்கடி வாசிப்பேன், நம்மூர் நாளிதழ்களைவிட நிதானமான, பிழை குறைந்த தமிழ். அந்தத் தமிழ் நாளிதழைக் காப்பாற்றி வைத்திருப்பதும் இந்த அமைப்புதான், தனியாக விட்டிருந்தால் விளம்பர வருமானத்தில் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதே நேரம் அந்த ஊரில் தமிழில் எழுத விரும்பும் ஓர் இளம் நிருபருக்கு இந்தக் குழுமம், இல்லாவிட்டால் மீடியாகார்ப். மூன்றாவது கதவு எங்கே?

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேறு வைத்தியம். 1986-ல் சட்டத்தைத் திருத்தி, உள்நாட்டு அரசியலில் தலையிடும் வெளிநாட்டு ஏடுகளின் விற்பனையைக் குறைக்க அதிகாரம் எடுத்துக்கொண்டார்கள். தடை செய்வதில்லை, கவனியுங்கள். டைம் இதழ் சுமார் 18,000 பிரதியிலிருந்து 2,000-க்கு வந்தது. ஏஷியன் வால்ஸ்ட்ரீட் ஜர்னல் 5,000-லிருந்து 400-க்கு. ஃபார் ஈஸ்டர்ன் எகனாமிக் ரிவியூ 500-க்கு. படிக்க நினைப்பவர் நூலகத்தில் போய்ப் படித்துக்கொள்ளலாம், விளம்பரம் கொடுப்பவர் மட்டும் ஓடிவிடுவார். பத்திரிகையின் நாடி எங்கே இருக்கிறது என்று இவர்களைப் போலத் தெரிந்து வைத்திருந்த அரசு உலகத்தில் குறைவு.

அவதூறு வழக்குதான் அடுத்தது, அநேகமாக மிகப் பெரியதும். அமெரிக்காவில் 1964-லிருந்து அரசுப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர் அவதூறு வழக்கில் ஜெயிக்க வேண்டுமென்றால் எழுதியவர் பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று கவலையே படாமலோ எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும். சிங்கப்பூர் அந்த வழிக்குப் போகவில்லை. அங்கே அரசியல்வாதி நல்ல பெயரோடு இருந்தால்தான் நல்லவர்கள் அரசியலுக்கு வருவார்கள் என்பது வாதம், எழுதியவர்தான் உண்மையென்று நிரூபிக்க வேண்டும். 1994-ல் இன்டர்நேஷனல் ஹெரால்ட் ட்ரிப்யூனில் வந்த வாரிசு அரசியல் பற்றிய ஒரு கட்டுரைக்காக அந்தப் பத்திரிகை மன்னிப்புக் கேட்டு லீ குவான் யூ, அப்போதைய பிரதமர் கோ சோக் டோங், லீயின் மகனும் துணைப் பிரதமருமான லீ சியன் லூங் மூவருக்கும் சேர்த்து 9,50,000 வெள்ளி கட்டியது. அது மாதிரி இனி எழுதமாட்டோம் என்ற உறுதிமொழியும் கொடுத்தது. 2010-ல் அதே கட்டுரையாளர் ஆசிய அரசியல் குடும்பங்கள் பற்றிப் பொதுவாக எழுதிய பத்தியில் லீக்களின் பெயரும் வர, உறுதிமொழியை மீறிவிட்டீர்கள் என்று மறுபடியும் மன்னிப்பு, மறுபடியும் 1,60,000 வெள்ளி.

பெரிய கம்பெனி கட்டிவிடும். தனி ஆள்? மத்திய சேமநிதியைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதிய ராய் ஙெர்ங், அப்போது பிரதமராகியிருந்த லீ சியன் லூங்குக்கு 1,50,000 வெள்ளி கட்ட வேண்டுமென்று 2015-ல் தீர்ப்பு. லியோங் ஸே ஹியான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஒரு கட்டுரையின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார், அவ்வளவே, 2021-ல் 1,33,000 வெள்ளி. பொதுமக்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு அவரைக் கரையேற்றினார்கள். பகிர்ந்த கட்டுரை தவறானதாகவே இருக்கட்டும், ஃபேஸ்புக்கில் பகிர்வு பொத்தானைத் தட்டியதற்கு ஒரு பிரதமர் ஒரு குடிமகனிடமிருந்து வாங்கும் தொகையா அது?

ஆன்லைன் சிட்டிசன் கதைதான் இதில் எல்லாச் சட்டங்களும் ஒன்றாக வந்து இறங்கிய கதை. 2006-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய செய்தித் தளம். அதன் ஆசிரியர் டெரி ஷூ, லீ குவான் யூ விட்டுச்சென்ற 38 ஆக்ஸ்லி ரோடு வீடு குறித்து அவர் பிள்ளைகளுக்குள் நடந்த சண்டை பற்றி வந்த கட்டுரைக்காக 2021 செப்டம்பரில் பிரதமருக்கு 2,10,000 வெள்ளி கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பு. அதே மாதம், நிதி வந்த வழிகளை முழுசாகச் சொல்லவில்லை என்று தளத்தின் உரிமம் நிறுத்திவைப்பு, அடுத்த மாதம் ரத்து. 2022 ஏப்ரலில், மேலிடத்தில் ஊழல் என்று சொன்ன ஒரு வாசகர் கடிதத்தை வெளியிட்டதற்காகக் குற்றவியல் அவதூறில் மூன்று வாரம் சிறை. அவர் தைவானுக்குப் போய் அங்கிருந்து தளத்தை மறுபடி நடத்த ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், உரிமம் கேட்டது நியாயம், கணக்குக் கேட்டது நியாயம், வழக்குப் போட்டது சட்டப்படி. சேர்த்துப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய ஒரு பத்திரிகை நாட்டில் இல்லை.

2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பொஃப்மா இந்த வரிசையில் புதுசு. இணையத்தில் பொய் பரவினால் அதைத் திருத்தச் சொல்லும் சட்டம். எந்த அமைச்சரும், ஒரு செய்தியில் பொய் இருக்கிறது, பொதுநலனுக்குக் கேடு என்று கருதினால் உத்தரவு போடலாம். பெரும்பாலும் வருவது திருத்த உத்தரவு: உங்கள் பதிவை நீக்க வேண்டாம், மேலே ஒரு குறிப்புப் போடுங்கள், இதில் பொய் உள்ளது, சரியான தகவலுக்கு அரசின் இந்தப் பக்கத்தைப் பாருங்கள் என்று. மறுத்தால் தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. தெரிந்தே கேடு விளைவிக்கும் பொய்யைப் பரப்பினால் 50,000 வெள்ளி, ஐந்து ஆண்டு வரை போகலாம். முதல் உத்தரவு 2019 நவம்பரில், எதிர்க்கட்சி அரசியல்வாதி ஒருவரின் ஃபேஸ்புக் பதிவுக்கு, அரசு முதலீட்டு நிறுவனங்களைப் பற்றி எழுதியதற்காக.

இதில் எனக்குச் சிக்கல் குறிப்புப் போடச் சொல்வதில் இல்லை. பொய்யைத் திருத்தச் சொல்வது தப்பா? 2022-ல் ஒரு பெண் அரசு மருத்துவமனையில் கருச்சிதைவு ஏற்பட்டதாகக் கட்டிச் சொன்ன கதையை வேக் அப் சிங்கப்பூர் என்ற தளம் அப்படியே போட்டது, முழுக்கப் பொய் என்று தெரியவந்தது, அந்த மாதிரி விஷயத்தில் திருத்தம் வரத்தான் வேண்டும். சிக்கல் வரிசையில் இருக்கிறது. முதலில் அமைச்சர் முடிவு செய்கிறார், நீங்கள் உடனே கீழ்ப்படிய வேண்டும், பிறகு அதே அமைச்சரிடம் முறையிட வேண்டும், அவர் மறுத்தால்தான் உயர் நீதிமன்றம். யாரைப் பற்றிச் செய்தியோ அவரே முதல் நடுவர். யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே இரு வேறு கருத்துச் சொல்ல, 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாரம் உத்தரவை எதிர்ப்பவர் தோளில்தான் என்று முடித்துவைத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் சிங்கப்பூரில் கிடையாது என்பதை இதோடு சேர்த்து வையுங்கள். அரசிடம் இருக்கும் ஆவணத்தைக் கேட்டு வாங்க எனக்கு வழியில்லை, ஆனால் அரசைப் பற்றி நான் எழுதியது பொய்யில்லை என்று காட்ட வேண்டியவன் நான்.

அரசியலமைப்பில் பேச்சுரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, 14-வது பிரிவு. குடிமக்களுக்கு மட்டும், அதுவும் நாடாளுமன்றம் தேவை என்றோ உசிதம் என்றோ கருதும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு. உசிதம் என்கிற அந்த வாசல் வழியாக எந்த யானையும் போகலாம்.

என் சித்தி மகன் வெகுகாலமாக அங்கே வேலை பார்க்கிறான். அவனிடம் இதையெல்லாம் ஆரம்பித்தால் உடனே, "அண்ணா, உங்க ஊர்ல நாலு சேனல் ராத்திரி பூரா கத்துறானே, அதுல ஒரு பாலம் இடியாம நின்னுச்சா?" என்பான். எனக்குப் பதில் வராது. உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2021-ல் சிங்கப்பூர் 180 நாடுகளில் 160-வது இடம், 2024-ல் 126. அதே 2024-ல் இந்தியா 159. ஆக இங்கிருந்து நான் ரொம்பவும் மூக்கை உயர்த்த முடியாது.

அவனுடைய பெரிய அஸ்திரம் ஈஸ்வரன் வழக்கு. போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் 2023 ஜூலையில் லஞ்ச ஒழிப்புப் பிரிவால் கைது செய்யப்பட்டு, ஃபார்முலா ஒன் டிக்கெட்டுகள் உட்படத் தொழிலதிபர்களிடம் பரிசு வாங்கியதற்காக 2024 அக்டோபரில் 12 மாதம் சிறைக்குப் போனார். "பாருங்க, எந்தப் பத்திரிகையும் எழுதல, அரசே பிடிச்சுது, அரசே உள்ள தள்ளுச்சு. உங்களுக்கு ரிசல்ட் வேணுமா, ஹெட்லைன் வேணுமா?"

நல்ல கேள்விதான், அதனால்தான் பலநாள் அதையே யோசித்தேன். எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை என்கிற அந்த முதல் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. 2018 முதல் 2021 வரை இதே ஈஸ்வரன்தான் தகவல் தொடர்பு அமைச்சர், அதாவது பத்திரிகைகளின் பர்மிட் எந்த அமைச்சின் கீழ் வருமோ அந்த அமைச்சு. பொஃப்மா வந்தது அவர் காலத்தில். நாடறிந்த ஓர் அமைச்சரும் நாடறிந்த ஒரு கோடீஸ்வரரும் பழகியதை மோப்பம் பிடிக்க அந்த ஊரின் இவ்வளவு பெரிய செய்தி நிறுவனங்களால் முடியவில்லை. ஜூலை 11 கைது, 12-ஆம் தேதி அறிக்கையில் விசாரணைக்கு உதவுகிறார் என்றுதான் இருந்தது, கைது என்ற சொல்லே 14-ஆம் தேதிதான் வந்தது. அதுவரை பத்திரிகைகள் அறிக்கையில் இருந்ததை எழுதிக்கொண்டு காத்திருந்தன. பிடிக்கிற பிரிவு நேர்மையாக இருக்கும்வரை இது ஓடும். அந்தப் பிரிவே ஒருநாள் சோர்ந்துபோனால் யார் சொல்வது? இதற்கு என் தம்பியிடம் பதில் இல்லை, "அப்ப பார்த்துக்கலாம்" என்கிறான்.

அதே 2023-ல் நடந்த ரிடவுட் ரோடு விவகாரமும் இப்படித்தான். அமைச்சர்கள் கா. சண்முகமும் விவியன் பாலகிருஷ்ணனும் அரசுக்குச் சொந்தமான பெரிய பங்களாக்களை வாடகைக்கு எடுத்தது பற்றிக் கேள்வி கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் கென்னத் ஜெயரத்தினம், பழைய எதிர்க்கட்சித் தலைவர் ஜே. பி. ஜெயரத்தினத்தின் மகன். விசாரணை நடந்தது, தப்பில்லை என்று முடிவு வந்தது, நாடாளுமன்றத்தில் நாள்முழுக்க விவாதம், பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டன. எல்லாம் சரி. ஆனால் அந்த முதல் கேள்வியைக் கேட்டது ஒரு நிருபர் இல்லை. கேட்கக்கூடிய இடத்தில் சம்பளம் வாங்குகிறவர் கேட்கவில்லை, இழக்க அதிகமில்லாதவர் கேட்டார். அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய முன்னாள் பிரதமரின் தம்பி லீ சியன் யாங் இரண்டு அமைச்சர்களுக்கும் தலா 2,00,000 வெள்ளி கட்ட வேண்டியதாயிற்று.

அங்கே பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் ஓபி மார்க்கர் என்று ஒன்று சொல்வார்கள், கோல்ஃப் மைதானத்தின் எல்லைக் குச்சி. இதற்கு மேல் அடித்தால் பந்து வெளியே. அந்தக் குச்சி எங்கே நட்டிருக்கிறது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது, அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் அனுபவசாலிகள் நடுவிலேயே விளையாடுவார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

2024 டிசம்பரில் ப்ளூம்பெர்க் ஒரு கட்டுரை போட்டது. சிங்கப்பூரின் மிக விலை உயர்ந்த பங்களாக்கள் வெளியே தெரியாமல் கைமாறுவது பற்றி, அதில் சண்முகம், மனிதவள அமைச்சர் டான் சீ லெங் இருவரின் வீட்டு விவகாரங்களும் வந்தன. பொஃப்மா உத்தரவு போனது, அந்தச் செய்தியை எடுத்துப் போட்ட உள்ளூர்த் தளங்கள் சிலவற்றுக்கும் போனது. ப்ளூம்பெர்க் சட்டப்படி திருத்தக் குறிப்பைப் போட்டுவிட்டு, தங்கள் செய்தியில் மாற்றமில்லை என்றும் சொன்னது. அடுத்த மாதம் இரு அமைச்சர்களும் நிறுவனத்தின் மீதும் எழுதிய நிருபர் மீதும் அவதூறு வழக்குப் போட்டார்கள். 1995-ல் ஹெரால்ட் ட்ரிப்யூன் செய்ததுபோல மன்னிப்புக் கேட்டுக் காசைக் கட்டி ஒதுங்காமல், ப்ளூம்பெர்க் எதிர்த்து வாதாடப் போனது. பணபலத்தில் அதற்குக் குறைவில்லை, சிங்கப்பூரில் பெரிய அலுவலகமும் இருக்கிறது. ஆனால் பிரதிவாதிகள் பட்டியலில் கம்பெனியின் பெயரோடு அந்த நிருபரின் பெயரும் தனியாக இருக்கிறது.